குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஈ, க்யூ, இசட் மூன்றும் வரும் நீளமான ஆங்கிலச் சொல் எது?' என்று கேட்டால், பலரும் ஈயில் தொடங்கித் திணறுவார்கள். அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள்.

காரணம், ஆங்கிலத்தில் எழுத்துகள் சமமாகப் புழங்குவதில்லை. எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் மதிப்பெண் வைத்தார். ஆங்கில ஸ்கிராபிளின் 100 வில்லைகளில் ஈ 12 இருக்கும். க்யூவும் இசட்டும் தலா ஒன்றே ஒன்று.

கல்யாண மண்டபத்தில் ஒருவரைத் தேடும்போது, 'வெள்ளை வேட்டி கட்டியிருப்பார்' என்றால் பாதிக் கூட்டம் தேறும். 'கையில் ஊன்றுகோல் இருக்கும்' என்றால் உடனே பிடித்துவிடலாம். அது மாதிரிதான் இதுவும்.

சரி, க்யூவை எடுத்தால் பக்கத்தில் பெரும்பாலும் யூ வரும். அப்புறம் சொல்லின் வாலைப் பாருங்கள். நீளமான சொற்கள் பலவும் சின்னச் சொல்லோடு விகுதி ஒட்டி வளர்ந்தவை. இசட் இருந்தால் 'ஐஸ்' (-ize), 'ஐசேஷன்' (-ization) என்ற விகுதிகளைப் பொருத்திப் பாருங்கள். 'ஈக்வல்' என்பதோடு 'ஐசேஷன்' சேர்த்தால் 'ஈக்வலைசேஷன்' (equalization), 12 எழுத்து! 'டிராங்க்விலைசர்' என்பதை இசட் போட்டு, ஒரே எல் வைத்து (tranquilizer) எழுதினால் அதற்கும் 12தான். எனக்கு இந்த ஒட்டுவேலைதான் ரொம்பப் பிடித்த பகுதி.

கேட்ட எழுத்துகள் அதே வரிசையில் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வரிசை கேட்கப்படாதவரை அவை சொல்லுக்குள் எங்கே இருந்தாலும் போதும்.