என்னை மட்டுமே நம்பியிருந்த அம்மாவும் நான் வகுத்துக்கொண்ட வரம்பும்

"பிறர் நம்மையே நம்பியிருக்கும்போது, இதற்குமேல் என்னால் இயலாது என்று சொல்ல எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அம்மாவின் உடம்பில் தோன்றிய ஒரு சிவப்புத் தடம்.

கோத்தகிரிக்கு அருகில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் உண்டு. 2022-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறிவிட்டது. அண்ணன் கோயம்புத்தூரிலும் அக்கா பெங்களூரிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். திருமணம் செய்துகொள்ளாமல் வீட்டோடு இருந்த நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். பகலில் தோட்ட வேலையும் சேர்ந்துகொள்ளும். பச்சைத் தேயிலையைப் பறித்த அன்றே தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். பறிக்காமல் விட்டாலோ, முற்றிய இலைக்கு விலை கிடைக்காது.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. மார்கழி மாதத்து இரவொன்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தவள், அலாரம் அடித்ததுகூடத் தெரியாமல் விடியும்வரை தூங்கிவிட்டேன். காலையில் துணி மாற்றும்போது, அம்மாவின் முதுகெலும்பு முடியும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்க வேண்டிய தோல் வெளுக்கவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர், படுக்கைப் புண் இப்படித்தான் தொடங்கும் என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்கினீங்க?" என்று கேட்டார். நான் ஓய்வெடுத்தால் அம்மாவுக்குக் கெடுதல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஓய்வில்லாத என் உடம்புதான் அவருக்குக் கெடுதல் செய்தது என்பது அன்று உறைத்தது.

அதற்கு முன்பும் அண்ணனிடம் தொலைபேசியில் பலமுறை அழுதிருக்கிறேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்பார். பேச்சு அத்தோடு முடியும். இம்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, கிழமையும் மணியும் குறித்தே சொன்னேன். மாதத்தில் இரண்டு வாரம் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை அண்ணன் வந்து தங்க வேண்டும். மற்ற நாட்களில் இரவுக்கு ஓர் ஆள் வைக்கும் சம்பளத்தை அக்கா அனுப்ப வேண்டும். "இதெல்லாம் பொம்பளப் பிள்ளை பார்க்கிற வேலை இல்லையா?" என்று அக்காவே கேட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பெற்றோர் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டம்கூட மகன், மகள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் பணம் மாதந்தோறும் வந்துவிடுகிறது.

சொல்வதைவிட, சொன்னபடி நிற்பது கடினமாக இருந்தது. அண்ணன் வந்த முதல் இரண்டு முறையும் நான் வீட்டிலேயே இருந்து, அம்மாவை அவர் தொட்டதெல்லாம் தவறென்று குறுக்கே விழுந்தேன். மனம் வெறுத்து அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் முறை, போர்வையை இரண்டாக மடித்து அம்மாவுக்கு அடியில் விரித்து, அதைப் பிடித்துத் திருப்பும் விதத்தை ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு, அரவேணுவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள்: பொறுப்பை ஒப்படைத்த பிறகு அந்த இடத்தில் நிற்காதீர்கள். அடுத்த ஐப்பசி மழையில், மலைப்பாதையில் மண் சரிந்திருப்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள், வர முடியாது என்றார் அண்ணன். சரிந்தது குன்னூர் பாதையில், மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே கோத்தகிரிக்கு வரும் சாலையில் பேருந்துகள் ஓடுகின்றன என்றேன். இரவு ஒன்பது மணிக்கு நனைந்தபடி வந்து சேர்ந்தார்.

அந்தச் சிவப்பு இரண்டு வாரத்தில் மறைந்தது. ஆனால் நான் கிளம்பும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மா இன்னும் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார். ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன்.