கூகுளில் தேடுவதற்கா ஆறு வருஷப் படிப்பு?

மகள் பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பில் ஐந்தாம் ஆண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் நிறுவனமொன்றில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். என்ன வேலை என்று கேட்டால் ‘லிட்டரேச்சர் சர்ச்’ என்கிறாள். கூகுளில் தேடித் தருவதற்கா ஆறு வருஷம் படிக்க வைத்தேன் என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

ஐயா, வேலையின் பேர் அப்படி இருப்பதால் வரும் சந்தேகம் இது. ஒரு மருந்தையோ கருவியையோ அரசாங்கம் காசு போட்டு வாங்கலாமா, இப்போது இருப்பதைவிட அது மேலா, அந்த விலைக்குத் தகுமா என்று கணக்குப் பார்ப்பதைத்தான் ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட், சுருக்கமாக எச்.டி.ஏ., என்கிறார்கள். இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய ‘நைஸ்’ அமைப்பு இதைச் செய்கிறது. நம் நாட்டில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ‘எச்.டி.ஏ.இன்’ இருக்கிறது. எந்த முடிவுக்கும் முன்னால், அந்த மருந்தைப் பற்றி உலகில் வந்த ஆய்வுகள் அத்தனையும் மேசைக்கு வர வேண்டும். நல்லபடியாக முடிந்தவை மட்டும் வந்து, தோற்றவை விடுபட்டால் கணக்கு மொத்தமும் பொய். விடுபடாமல் கொண்டுவருவதுதான் உங்கள் மகளைக் கூப்பிடும் வேலை.

கூகுள் இதற்கு உதவாது. ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே இருக்கும் கூகுள் ஸ்காலர்கூட லட்சக்கணக்கில் முடிவு இருப்பதாகக் காட்டும், ஆனால் முதல் 1,000-ஐத் தாண்டிப் பார்க்க விடாது. இன்று போட்ட அதே சொல்லை அடுத்த மாதம் போட்டால் அதே வரிசை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்க முடியாத தேடலை இந்தத் துறையில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

தேவை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரி 12 முதல் புதிய புற்றுநோய் மருந்துகளுக்கும், மரபணு மற்றும் செல் சிகிச்சைகளுக்கும் எல்லா நாடுகளும் சேர்ந்து மருத்துவப் பலனை ஒரே மதிப்பீடாகச் செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மதிப்பிடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கான ஆவணத்தை மருந்துக் கம்பெனி 100 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இப்படி நெருக்கும் வேலைகளில் ஒரு பங்கு பெங்களூரு, ஐதராபாத், குருகிராம் பக்கம் வருகிறது.

இனி வருவது மகளுக்கு. அவரிடம் காட்டுங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடாமலே, சர்க்கரை நோயாளியின் விழித்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கேமராவில் படம் எடுக்கிறார்கள். கண் டாக்டர் நேரில் பார்த்தால் பிடிபடும் பாதிப்பு அதில் பிடிபடுமா? நோயாளி யார், சோதனை எது, எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று கேள்வியை நாலாகப் பிரிக்கக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த நாலையும் அப்படியே தேடல் பெட்டியில் போட்டு ‘அண்ட்’ (எல்லாம் இருந்தால் மட்டும் எடு) கொடுத்து இணைத்துவிடுகிறார்கள். முடிவு கச்சிதமாக 60 வரும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும், பாதிக் கட்டுரை காணாமல் போயிருக்கும். எதோடு ஒப்பிட்டோம், எதை அளந்தோம் என்பதைப் பல கட்டுரைகள் சுருக்கத்தில் சொல்வதே இல்லை. ஒரு கருத்துக்கான சொற்களைச் சேர்த்து வைப்பதைக் கட்டு என்போம். இந்தக் கேள்விக்கு இரண்டு கட்டு போதும்: விழித்திரை நோய் ஒன்று, கேமரா ஒன்று. ‘ஸ்கிரீனிங்’ என்ற மூன்றாவது கட்டைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தொடங்குங்கள், அது இலவசம். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு வகைச் சொல் வேண்டும். ஒன்று, மெஷ் எனப்படும் அதிகாரபூர்வத் தலைப்புச் சொல். இங்கே ‘டயபெடிக் ரெட்டினோபதி’ என்ற தலைப்பு தயாராக இருக்கிறது. இரண்டு, கட்டுரையின் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர்கள் எழுதிய சாதாரணச் சொற்கள். மெஷ் மட்டும் போட்டால், மெஷ் இன்னும் ஏறாத புதுக் கட்டுரைகளும், பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைன் தொகுப்பில் சேராமல் பப்மெட்டில் மட்டும் இருப்பவையும் நழுவும். சாதாரணச் சொல் மட்டும் போட்டால், வேறு வார்த்தையில் எழுதியவை நழுவும். இரண்டையும் ‘ஆர்’ (எது இருந்தாலும் எடு) போட்டு ஒரே அடைப்புக்குள் வையுங்கள்.

கேமரா கட்டில்தான் வேலை அதிகம். மெஷ் தலைப்பு சரியாகப் பொருந்தாது, எழுதுகிறவர்களும் ஆளுக்கொரு பேர் வைத்திருப்பார்கள்: ஃபண்டஸ் போட்டோகிராபி, ரெட்டினல் இமேஜிங், ஃபண்டஸ் கேமரா, ஸ்மார்ட்போன், டெலிஆப்தால்மாலஜி. ‘நான்மிட்ரியாட்டிக்’ என்பதை ஒட்டியும் எழுதுவார்கள், நடுவில் கோடு போட்டும் எழுதுவார்கள். ‘ஹேண்ட்ஹெல்ட்’ அதேபோல. தனித்தனியாகப் போடுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையும் பாருங்கள். விகுதி மாறும் சொற்களுக்கு நட்சத்திரக் குறி இருக்கிறது: ரெட்டினோபதியின் ஆங்கில எழுத்துகளில் கடைசி ஒன்றை எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டால் ஒருமை, பன்மை, உரிச்சொல் மூன்றும் வரும். ரொம்ப முன்னாலேயே வெட்டினால் சம்பந்தமில்லாத சொற்களும் சேர்ந்து வரும். பப்மெட் குறைந்தது நாலு எழுத்து கேட்கும். நட்சத்திரம் போட்ட சொல்லுக்குப் பப்மெட் தானாக இணைச்சொல் தேடித் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வேலை உங்கள் தலையில்தான்.

அடைப்புக்குறியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பப்மெட் இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே கணக்குப் போடும். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தேடல் தளம் ‘அண்ட்’டை முதலில் முடித்துவிட்டுத்தான் ‘ஆர்’ பக்கம் வரும். அடைப்பு போடாத ஒரே வரி இரண்டு இடத்திலும் இரண்டு விடை தரும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் மாறும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். 14 சொல் சேர்த்த கட்டில் ஒரு சொல்லுக்குப் பூஜ்யம் வந்தால் அது பெரும்பாலும் எழுத்துப்பிழை. ஒரு சொல் மட்டும் லட்சத்தில் வந்தால் நட்சத்திரம் தப்பான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேடல் சரியா என்று எப்படித் தெரியும்? முன்பே வந்த ரிவ்யூக்களின் (பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரைகளின்) மேற்கோள் பட்டியலிலிருந்து, இந்தக் கேள்விக்குக் கட்டாயம் வந்தாக வேண்டிய பத்துக் கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பப்மெட்டில் ஒரு பி.எம்.ஐ.டி. எண் உண்டு. பத்து எண்ணையும் ‘ஆர்’ போட்டு ஒரு வரியாகத் தேடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாறு இருக்கும். அதில் உங்கள் தேடல் நான்காம் வரி, இந்தப் பத்து எண்கள் ஐந்தாம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐந்து நாட் நான்கு’ (ஐந்தில் இருந்து நான்கைக் கழி) என்று கொடுத்தால், வலையில் சிக்காதவை மட்டும் வரும். பூஜ்யம் வந்தால் நல்லது. இரண்டு வந்தால் அந்த இரண்டையும் திறந்து தலைப்பு, சுருக்கம், மெஷ் மூன்றையும் வரி வரியாகப் படியுங்கள். ஒன்றில் ஆசிரியர் ‘டெலிஸ்கிரீனிங்’ என்று எழுதியிருப்பார், நீங்கள் அதை யோசித்திருக்க மாட்டீர்கள். இன்னொன்றுக்குச் சுருக்கமே இருக்காது. சொல்லைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: எந்தக் கட்டுரைகளிலிருந்து சொற்களைப் பொறுக்கினீர்களோ, அவற்றையே வைத்துச் சோதித்தால் எப்போதும் பாஸ்தான். சோதனைக்கென்று சிலதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரு வகை ஆய்வை மட்டும் வடிகட்டி எடுக்கும் தயார் தேடல் வரிக்கு ஃபில்டர் என்று பேர். அந்த விஷயத்தில் அவசரம் வேண்டாம். ரேண்டமைஸ்டு டிரயல் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் ஆய்வு) மட்டும் வேண்டும் என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு உருவாக்கிய ஃபில்டர் இருக்கிறது, நம்பிப் போடலாம். நம் கேள்வியோ நோயறியும் சோதனை பற்றியது. அந்த வகை ஆய்வுகளுக்கு மெஷ் தலைப்பு ஒழுங்காக ஏறுவதில்லை, எழுதுகிறவர்களின் சொற்களும் சீராக இருப்பதில்லை. ஃபில்டர் போட்டால் நல்ல கட்டுரையே விழும், அதனால் போடக்கூடாது என்பதுதான் காக்ரேனின் அறிவுரையும். விலங்கு ஆய்வுகளை நீக்க ‘நாட் அனிமல்ஸ்’ என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மெஷ் மரத்தில் மனிதனும் விலங்குக் கிளைக்குள்தான் வருகிறான், மனித ஆய்வுகள் எல்லாம் போய்விடும். மனிதர் என்ற குறிப்பு இல்லாத விலங்கு ஆய்வுகளை மட்டும் கழிக்கும் இரட்டை ‘நாட்’ அமைப்புதான் சரி.

வலைக்கண் சின்னதாக இருந்தால் மீனோடு பாசியும் வரும். நூறில் இரண்டு மூன்று கட்டுரை உருப்படியாகத் தேறினாலே இந்தத் துறையில் அது சாதாரணம். 2,400 கட்டுரை வந்தது, ஒன்றின் சுருக்கத்துக்கு 30 விநாடி என்று வைத்தால் 20 மணி நேரம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால் 40. இந்தக் கணக்கை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு தனி.

பப்மெட்டோடு நிறுத்த முடியாது. எம்பேஸ் என்பது கட்டணத் தளம், அதன் தலைப்புச் சொற்கள் எம்ட்ரீ என்று வேறு. பப்மெட் வரியை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது, ஒவ்வொரு தலைப்பையும் அங்கே புதிதாகத் தேட வேண்டும். கல்லூரியில் எம்பேஸ் இல்லாவிட்டால், இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்து ஆய்வென்றால் டிரயல் பதிவேடுகளும் கட்டாயம். நம் நாட்டின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2007-இல் வந்தது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாயிற்று. பதிவாகி, பல வருஷமாகியும் முடிவு வெளிவராத டிரயல்கள் கண்ணில் படுவது அங்கேதான்.

எச்.டி.ஏ.யில் இன்னொரு சுற்றும் உண்டு. சிகிச்சை பலிக்கிறதா என்பது ஒரு தேடல், செலவு ஒரு தேடல், நோயாளியின் வாழ்க்கைத் தரத்துக்கான மதிப்பெண் இன்னொரு தேடல். மூன்றையும் ஒரே தேடலில் அள்ளப் பார்த்தால் மூன்றும் அரைகுறை. செலவு ஆய்வுகளுக்குப் பழைய பாடக்குறிப்புகள் என்.எச்.எஸ். ஈ.ஈ.டி. என்ற பிரிட்டிஷ் தளத்தைக் கைகாட்டும். அதில் புதிய ஆய்வுகளைச் சேர்ப்பதற்கான தேடல் 2014 முடிவோடு நின்றுவிட்டது. அதன் பிறகு வந்தவற்றுக்கு மெட்லைனிலும் எம்பேஸிலும் பொருளாதார ஃபில்டர் போட்டு நீங்களேதான் தேட வேண்டும். மற்ற நாட்டு எச்.டி.ஏ. அமைப்புகளின் இணையதளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

டூப்ளிகேட் நீக்குவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எம்பேஸுக்குள்ளேயே மெட்லைன் பெரும்பங்கு இருப்பதால் ஒரே கட்டுரை இரண்டு முறை வரும். ஜோட்டெரோ, ரய்யான் போன்ற மென்பொருள்கள் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆனால் ஒரே தலைப்பில் மாநாட்டுச் சுருக்கம் ஒன்றும் முழுக் கட்டுரை ஒன்றும் இருந்தால் முழுக் கட்டுரையைத் தூக்கி எறிந்துவிடும் ஆபத்து உண்டு, கண்ணால் பார்த்து நீக்குங்கள். நீக்கும் முன் எத்தனை, பின் எத்தனை என்று குறித்து வையுங்கள், ரிவ்யூ அறிக்கைக்கான பிரிஸ்மா 2020 நெறிமுறையின் வரைபடத்தில் கேட்பார்கள். தேடலை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்கே 2021-இல் வந்த பிரிஸ்மா-எஸ் என்று 16 அம்சப் பட்டியல் இருக்கிறது. ‘மெட்லைன் தேடினோம்’ என்றால் போதாது: எந்தத் தளம் வழியாக, எந்தத் தேதியில், எந்த வரியை ஓட்டி, எத்தனை வந்தது? வரியைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் ஓட்டிய இடத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே என்று அப்பா கேட்பார். சாட்பாட்டிடம் தேடல் வரி கேட்டால் நொடியில் தரும். அதில் இல்லாத மெஷ் தலைப்பும் இருக்கும், எழுதப்படாத கட்டுரைக்கு மேற்கோளும் இருக்கும். இணைச்சொல் யோசிக்கத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சுருக்கங்களை வாசித்துத் தள்ளும் வேலையில் மட்டும் ஆள் தேவை குறையும் என்பது என் கணிப்பு. ஏ.ஐ. பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மனிதர் மேற்பார்வையில் செய்யுங்கள் என்று நைஸ் 2024 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த மேற்பார்வைக்குத் தேடலின் உள்விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

அதனால்தான், ஐயா, நேர்காணலில் மகள் சம்பளத்துக்கு முன்னால் இவற்றைக் கேட்கட்டும். தேடல் வரியை யார் எழுதுகிறார்கள்? புதியவருக்கு எத்தனை மாதத்தில் அந்த வேலை வரும்? எம்பேஸ் சந்தா இருக்கிறதா? ஓட்டும் முன் இன்னொருவர் ‘பிரெஸ்’ என்ற தேடல் சரிபார்ப்புப் பட்டியல் வைத்துச் சரிபார்க்கிறாரா? ‘முதல் இரண்டு வருஷம் ஸ்கிரீனிங் மட்டும்’ (சுருக்கங்களை வாசித்துத் தள்ளும் வேலை) என்று பதில் வந்தால் யோசியுங்கள். இரண்டு வருஷம் ‘வேண்டும், வேண்டாம்’ என்று பட்டன் அழுத்தினால் கையில் தொழில் தங்காது.

அரசு வழி வேண்டுமென்றால், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு இருக்கிறது. எச்.டி.ஏ. திட்டங்களில் வரும் வேலைகள் பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்தம், நிரந்தரம் என்று எண்ணிச் சேர வேண்டாம். நூலக அறிவியல் முடித்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு. வெளிநாடுகளில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மருத்துவ நூலகர்கள்தான்.

ஐந்தாம் ஆண்டு புராஜெக்டுக்கு மகள் எப்படியும் கட்டுரை தேடித்தான் ஆக வேண்டும். அந்தத் தேடலையே மேலே சொன்னபடி செய்து, வரிகள், எண்ணிக்கை, தேதி, பத்துக் கட்டுரைச் சோதனையின் முடிவு எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் தொகுத்து நேர்காணலுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எந்தக் கட்டுரை முதலில் சிக்கவில்லை, எந்தச் சொல்லைச் சேர்த்த பிறகு சிக்கியது என்பதும் அதில் இருக்கட்டும்.