கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு பிளாப் எழுதி யூகே வரலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். தமிழ்நாடு கவர்மெண்டுக்கு டாக்டர் எடுக்கற எம்ஆர்பி பரீட்சை எழுதி அசிஸ்டன்ட் சர்ஜனா சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, மலைப்பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல போஸ்டிங், ஓஇடிங்கற இங்கிலீஷ் பரீட்சை முடிச்சாச்சு, வெளிநாட்டு டாக்டருங்க யூகேல ரிஜிஸ்டர் பண்ண எழுதற பிளாப்ல பார்ட் ஒன் பாஸ், வீட்டம்மா பிடிஎஸ், கைக்குழந்தை வேற. "வருஷா வருஷம் டாக்டருங்க கொட்டோ கொட்டுனு வெளிய வர்றாங்க, இனிமே கவர்மெண்ட் டாக்டருக்கு எதிர்காலம் இல்ல, ரிசைன் பண்ணிட்டு வந்துடலாமா அண்ணா"ன்னு கேட்டிருக்கீங்க. ரிசைன் மட்டும் பண்ணாதீங்க. வர்றது வராதது வேற விஷயம், அதையும் சொல்றேன்.

நீங்க பயப்படறதுல நியாயம் இருக்கு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். 2014ல நாடு முழுக்க எம்பிபிஎஸ் சீட் 51 ஆயிரம் சொச்சம், இப்ப ஒரு லட்சத்து 18 ஆயிரத்தையும் தாண்டிடுச்சு, அதுக்கு மேல இன்னும் 75 ஆயிரம் மெடிக்கல் சீட் அஞ்சு வருஷத்துல சேக்கறோம்னு 2024 சுதந்திர தினத்துல பிரதமர் அறிவிச்சாரு. நம்ம ஊர்ல 38 மாவட்டத்துக்கு 36 கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ், அதுல 11 காலேஜ் 2022 ஜனவரியில ஒரே நாள்ல திறந்தது, தனியார் காலேஜ் எல்லாம் தனிக்கணக்கு. பத்து லட்சம் பேருக்கு 100 சீட்டுக்கு மேல கூடாதுன்னு 2023ல தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) ஒரு ரூல் போட்டப்ப தமிழ்நாடு கத்துன கத்துல அத தள்ளி வெச்சாங்க. 2025 ஜனவரியில நடந்த எம்ஆர்பி எக்ஸாம்ல 2,553 போஸ்டுக்கு இருபதாயிரம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க. ஆக டாக்டர் கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சுங்கறது உண்மை.

ஆனா அந்தக் கூட்டத்துல யாருக்கு அடி விழுதுன்னு பாருங்க. எம்பிபிஎஸ் மட்டும் முடிச்சிட்டு பிரைவேட்ல ட்யூட்டி டாக்டரா நைட் பாக்கற பசங்களுக்குத்தான் முதல் அடி, முப்பதாயிரத்துக்கு ஆள் கிடைக்குதுன்னா எந்த ஆஸ்பத்திரி முதலாளி அறுபதாயிரம் குடுப்பாரு. அடுத்த அடி கான்ட்ராக்ட் டாக்டருங்களுக்கு. 2020 டிசம்பர்ல 2,000 மினி கிளினிக்னு ஆரம்பிச்சு டாக்டருங்கள கன்சாலிடேட்டட் பே-ல, அதாவது மாசம் ஒரே தொகை சம்பளத்துல எடுத்தாங்க, ஒரு வருஷம் சொச்சத்துல திட்டத்தையே மூடிட்டாங்க, வேலையும் போச்சு. நீங்க இந்த ரெண்டு வகையிலயும் இல்ல. எம்ஆர்பி-ல ரெகுலர் டைம் ஸ்கேல், லெவல் 22, பேசிக் 56,100ல ஆரம்பிச்ச ஆளு. இருபதாயிரம் பேர் நிக்கற கதவுக்கு உள்ள இருந்துக்கிட்டு வெளிய கூட்டமா இருக்கேன்னு பயந்து எந்திரிச்சு போறேங்கறீங்க.

அதுக்கு மேல உங்க கையில ஒண்ணு இருக்கு, அத நீங்க கேள்வியில எங்கயுமே சொல்லல, அதுதான் எனக்கு ஆச்சரியம். இன்-சர்வீஸ் கோட்டா. ஸ்டேட் கோட்டா பிஜி, அதாவது மேல்படிப்பு சீட்டுல பாதி கவர்மெண்ட் சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு. இது சும்மா வந்துடல, 2017 வாக்குல அப்ப இருந்த மெடிக்கல் கவுன்சில் (எம்சிஐ) ரூல காட்டி போயிடுச்சு, நம்ம ஆளுங்க போராடி கோர்ட்டு கோர்ட்டா ஏறி 2020 ஆகஸ்ட் கடைசியில சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் மாநிலத்துக்கு அதிகாரம் இருக்குன்னு தீர்ப்பு குடுத்தப்புறம்தான் திரும்பி வந்தது. அடுத்து சூப்பர் ஸ்பெஷாலிட்டிலயும் பாதிய இன்-சர்வீஸுக்கு ஒதுக்கி ஜிஓ போட்டாங்க. மலைப்பகுதி, கடினப் பகுதியில வேலை பாத்தா நீட் பிஜி மார்க்குல இன்சென்டிவ் வேற. நீங்க மூணு வருஷமா ஜீப் ஏறி இறங்கி பாம்புக்கடியும் பிரசவமும் பாத்து சேத்து வெச்ச சொத்தே அதுதான், அத ஒரு ரிசிக்னேஷன் லெட்டர்ல விட்டுடாதீங்க. எம்பிபிஎஸ் மட்டும் இருக்கறவங்கதான் ஜாஸ்தி தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு சிசேரியனுக்கு மயக்கம் குடுக்க தாலுகா ஆஸ்பத்திரியில இன்னிக்கும் ஆள் தேடி போன் போடறாங்க.

சரி, இங்க யூகே கதைக்கு வர்றேன். உங்க சீனியர் ஒருத்தர் 2019ல வந்து இப்ப ரிஜிஸ்ட்ரார் ஆயிட்டாரு, வீடு வாங்கிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அவர் வந்த வருஷம் அப்படி. 2019 அக்டோபர்ல எல்லா டாக்டரையும் ஆள் பற்றாக்குறை வேலை லிஸ்ட்ல சேத்தாங்க, அதனால டிரெய்னிங் போஸ்டுக்கு இந்த ஊர் பிள்ளைங்களோட நாமளும் முதல் ரவுண்டுலயே சரிசமமா நிக்கலாம்னு ஆச்சு. அந்த வருஷம் ஏறக்குறைய 9,000 ஸ்பெஷாலிட்டி டிரெய்னிங் இடத்துக்கு 12,000 பேர்தான் அப்ளிகேஷன். 2025ல 10,000 சொச்சம் இடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல. வீட்டுல கம்ப்யூட்டர தட்டிக்கிட்டே சைக்கியாட்ரி கிடைக்கும், ஜிபி (குடும்ப டாக்டர்) டிரெய்னிங் கிடைக்கும்னு சொன்ன காலம் போயிடுச்சு, இப்ப அதுக்கும் பரீட்சையில பத்து மார்க் குறைஞ்சா இடம் கிடையாது.

இத்தோட நிக்கல. 2025 ஜூலையில வந்த பத்து வருஷ ஹெல்த் பிளான்லயே இங்க படிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு எழுதிட்டாங்க, 2026 ஜனவரியில அதுக்குன்னே மசோதா பார்லிமெண்ட்டுக்கு வந்தது. யூகேல எம்பிபிஎஸ் படிச்சவங்க, ஐஎல்ஆர் மாதிரி நிரந்தரமா இருக்க உரிமை வாங்கினவங்க எல்லாம் முன்னாடி, நேத்து விமானம் ஏறி வந்த நாம பின்னாடி. கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, இங்க படிச்ச பிள்ளைங்களே வேலை இல்லாம நிக்கறாங்க. 2025ல பிஎம்ஏங்கற பிரிட்டிஷ் டாக்டர் சங்கம் எடுத்த சர்வேல, படிப்பு முடிஞ்சு பண்ற அடிப்படை பயிற்சியோட ரெண்டாவது வருஷமான எஃப்ஒய்2 முடிக்கற பசங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஆகஸ்ட்லேர்ந்து வேலை கையில இல்லன்னு சொன்னாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஜிபி டிரெய்னிங் முடிச்சவங்களுக்கே வேலை இல்லாம, கவர்மெண்ட் 82 மில்லியன் பவுண்டு ஒதுக்கி ஆயிரம் பேர வேலைக்கு வெக்கறோம்னு அறிவிக்க வேண்டியதாச்சு. ஜிபி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு ஜனங்க ஒரு பக்கம் புலம்பறாங்க, வேலை கிடைக்கலன்னு ஜிபி ஒரு பக்கம் புலம்பறாரு, நம்ம ஊரு லாஜிக்கேதான். நோயாளி குறைஞ்சு டாக்டர் மிஞ்சிப் போகல, போஸ்ட் போட காசு ஒதுக்கலங்கறதுதான் ரெண்டு ஊர்லயும் அடியில இருக்கற சமாச்சாரம்.

நான் 2005ல வந்தவன். லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் அப்ப சந்துக்கு சந்து பிளாப் எழுத வந்தவங்க தங்கற வீடு இருக்கும், ஒரு ரூம்ல மூணு டாக்டர், காலையில கிளினிக்கல் அட்டாச்மென்ட்னு சம்பளம் இல்லாம ஆஸ்பத்திரியில கூட நின்னு பாக்கறது, சாயங்காலம் லைப்ரரியில அப்ளிகேஷன், ராத்திரி சாம்பார். 2006 ஏப்ரல்ல ஒர்க் பர்மிட் இல்லாம டிரெய்னிங் பாக்கற சலுகைய ஒரே அறிவிப்புல எடுத்துட்டாங்க. பிளாப் பாஸ் பண்ணி யூகே மெடிக்கல் கவுன்சிலான ஜிஎம்சி நம்பர் வாங்கினவங்க கூட பெட்டிய கட்டினாங்க. பாப்பியோங்கற இந்திய டாக்டர் சங்கம் கேஸ் போட்டு 2008ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய் ஜெயிச்சது, ஆனா அதுக்குள்ள ஊருக்கு போனவங்க போனவங்கதான். என் ரூம்ல இருந்த ஒருத்தர் திரும்பிப் போய் கவர்மெண்ட் சர்வீஸ்ல சேர்ந்து, இன்-சர்வீஸ்ல எம்எஸ் பண்ணி, இப்ப டிஸ்ட்ரிக்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியில சீஃப், என்ன விட நிம்மதியா இருக்காரு, என்ன விட நல்லா தூங்கறாரு. அவர் ஒருத்தர வெச்சு பொதுவா சொல்ல முடியாதுன்னு தெரியும். ஆனா ஆள் வேணும்னா வாசல தொறக்கறதும் போதும்னா சாத்தறதும் இந்த ஊர் பழக்கம்.

இப்ப வந்தா எப்படி இருக்கும்னு கேட்டீங்க. பார்ட் டூ மான்செஸ்டர்ல, பீஸ் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்டு, டிக்கெட், விசா, தங்கறது, அகாடமி கோச்சிங் எல்லாம் சேத்தா உங்க பல மாச சம்பளம். அது கூட பரவாயில்ல. பாஸ் பண்ணி ஜிஎம்சி ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கினப்புறம்தான் தேடல் ஆரம்பிக்கும், டிரஸ்ட் கிரேட்னு சொல்ற டிரெய்னிங் இல்லாத ஆஸ்பத்திரி வேலைக்கு விளம்பரம் போட்டா சில மணி நேரத்துல நூத்துக்கணக்குல விண்ணப்பம் வந்து பக்கத்த மூடிடறாங்க. யூகே எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க, அது இல்லாம வேலை இல்ல, வேலை இல்லாம அது இல்ல. என்கிட்ட அட்டாச்மென்ட் கேட்டு வர்ற மெயில்ல எம்டி முடிச்சவங்க, பத்து வருஷம் ஐசியு பாத்தவங்க எல்லாம் இருக்காங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு. நாலு மாசத்துல கிடைச்சவங்களும் உண்டு, ஒரு வருஷம் கழிச்சு ரேபிடோ ஓட்டற நிலைமைக்கு வரலன்னாலும் வேர்ஹவுஸ்ல பெட்டி அடுக்கினவங்களும் உண்டு. ஜிஎம்சி கணக்குப்படியே 2024ல வெளிநாட்டுல படிச்ச டாக்டருங்க 4,880 பேர் இங்கேர்ந்து கிளம்பிட்டாங்க, முந்தின வருஷத்த விட 26 சதவீதம் ஜாஸ்தி.

வேலை கிடைச்சுடுச்சுன்னே வெச்சுக்கங்க, எஃப்ஒய்2 லெவல்ல 2025-26 சம்பளம் வருஷத்துக்கு 44,439 பவுண்டு. ரூபாயில பெருக்கிப் பாத்தா தல சுத்தும், பெருக்காதீங்க. டாக்ஸ், நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் போக கைக்கு மாசம் 2,600, 2,700 வரும், நைட் ட்யூட்டி பாத்தா கொஞ்சம் கூட. லண்டனுக்கு வெளியேயே ரெண்டு பெட்ரூம் வீட்டு வாடகை ஆயிரம் பவுண்டு, கவுன்சில் டாக்ஸ் தனி, குழந்தைய முழு நேரம் நர்சரியில விட்டா இன்னொரு ஆயிரத்துக்கு மேல. வீட்டம்மா பல் டாக்டர்னு சொன்னீங்க, அவங்க இங்க பிராக்டிஸ் பண்ண வெளிநாட்டு பல் டாக்டருங்களுக்கான ஓஆர்இ பரீட்சை எழுதணும், அந்த எக்ஸாமுக்கு சீட் புக் பண்றதே தீபாவளி தட்கல் டிக்கெட் மாதிரி, கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள போயிடும். அவங்க வருஷக்கணக்குல வீட்டுல உக்கார வேண்டி வரலாம், அத அவங்ககிட்ட இப்பவே பேசுங்க, இங்க வந்து ஜனவரி மாசம் நாலு மணி இருட்டுல பேசாதீங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துல ஐஎல்ஆர்னு யாராவது சொன்னா, 2025 மே மாசம் வந்த வெள்ளை அறிக்கையில அத பத்து வருஷம் ஆக்கணும்னு எழுதியிருக்காங்கங்கறதையும் சேத்து கணக்கு போடுங்க.

அங்க நம்ம ஊர்ல குறை இல்லன்னு நான் சொல்லல. சம்பள ஏத்தத்துக்கான அரசாணை, ஜிஓ 354 கேட்டு 2019ல ஸ்ட்ரைக் பண்ணப்ப என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், சென்ட்ரல் கவர்மெண்ட் டாக்டருக்கு கிடைக்கற சம்பள ஏத்தம் நமக்கு இன்னும் தகராறுதான். 2024 நவம்பர்ல கிண்டி ஆஸ்பத்திரியில ட்யூட்டியில இருந்த டாக்டர கத்தியால குத்தினாங்க. மீட்டிங், டார்கெட், ரிப்போர்ட், கலெக்டர் இன்ஸ்பெக்‌ஷன்னு உயிர வாங்குவாங்க. இங்க அந்த தொல்லை குறைவு, லீவு கேட்டா லீவு, கன்சல்டன்ட்ட பேர் சொல்லி கூப்பிடலாம், தப்பு நடந்தா சிஸ்டத்த பாப்பாங்க, ஆள அடிக்க வரமாட்டாங்க. அதே 2024 ஆகஸ்ட்ல குடியேறினவங்களுக்கு எதிரா நடந்த கலவரத்தப்ப நம்ம கலர்ல இருக்கறவங்க ட்யூட்டி முடிஞ்சு தனியா கார் பார்க்கிங் போக பயந்ததும் இங்கதான்.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா இந்த வருஷமும் அடுத்த வருஷமும் நீட் பிஜி மட்டும்தான் தலையில வெச்சிருப்பேன். அனஸ்தீசியா, பீடியாட்ரிக்ஸ், ரேடியாலஜி, எமர்ஜென்சி எது வந்தாலும் எடுங்க. ஒரு சிக்கல மறைக்கக்கூடாது, இன்-சர்வீஸ்ல பிஜி பண்ணா ரிட்டயர்மெண்ட் வரைக்கும் சர்வீஸ்ல இருக்கேன்னு பாண்டு எழுதிக் குடுக்கணும். நிரந்தரமா வெளிநாடுன்னு முடிவா இருக்கறவங்களுக்கு அந்தப் பாதை ஒத்து வராது. நீங்க எழுதினத படிச்சா உங்களுக்கு வெளிநாட்டு ஆசைய விட பின்தங்கிடுவோமோங்கற பயம்தான் ஜாஸ்தின்னு தோணுது, அதனாலதான் இத சொல்றேன். இங்க வேலை பாத்து கத்துக்கணும்ங்கற ஆசை இருந்தா பிஜி முடிச்சப்புறம் எம்டிஐன்னு ஒரு திட்டம் இருக்கு, ராயல் காலேஜ் ஸ்பான்சர் பண்ணும், பிளாப் வேண்டாம், ரெண்டு வருஷம் சம்பளத்தோட டிரெய்னிங், முடிஞ்சதும் திரும்பணும். டிபார்ட்மென்ட் அனுமதி கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம், ஆனா ஸ்பெஷலிஸ்ட்டா கேக்கறப்ப உங்க பேச்சுக்கு வேற கனம் இருக்கும். நடுவுல எம்ஆர்சிபி மாதிரி யூகே ராயல் காலேஜ் பரீட்சை ஏதாவது எழுதணும்னா சென்னையிலயே பார்ட் ஒன் எழுதலாம்.

பார்ட் ஒன் பாஸ் பண்ணதுக்கு ரெண்டு வருஷம்தான் உயிர், அது வீணா போயிடுமேன்னு கவலைப்பட்டீங்க. போனா போகட்டும், அது ஒரு பரீட்சை பீஸ். மனசு கேக்கலன்னா என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி ஈஎல் (ஈட்டிய விடுப்பு) போட்டு வந்து பார்ட் டூ எழுதிட்டு மறுபடி ட்யூட்டியில சேருங்க. என்ஓசி இல்லாம மெடிக்கல் லீவுல கிளம்பி வர்றது மட்டும் வேண்டாம், நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் அப்படி வந்து 17(பி) சார்ஜ் மெமோன்னு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வாங்கி, ஜிஎம்சிக்கு குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் வாங்கறப்ப எல்லாம் சேந்து இடிச்சுது. இங்க வேலை ஆஃபர் லெட்டர் கையில, சம்பளம் எழுதி, விசா ஸ்பான்சர்ஷிப்போட வந்தா அப்ப ரிசிக்னேஷன பத்தி யோசிக்கலாம். பார்ட் டூக்கு வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, மான்செஸ்டர் இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம், வீட்டுல ரூம் காலியாத்தான் இருக்கு. வர்றப்ப நல்ல மோர் மிளகாய் கிடைச்சா கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.