14 வண்டிகளில் ஏலகிரி: யாரும் துரத்தாமல் போய் வருவது எப்படி?

கேள்வி: ஆவடியில் இருக்கிறேன். என்னுடையது 150 சிசி வண்டி. நான்கு மாதம் முன்பு ஒரு பைக் கிளப்பில் சேர்ந்தேன். போன ரைடில், புதுசு என்பதால் என்னைக் கடைசியில் வரச் சொன்னார்கள். சிக்னலில் ஒரு தடவை, டோலில் ஒரு தடவை மாட்டிக்கொண்டு, பாதி வழி 110-ல் துரத்திக்கொண்டே போனேன். வேலூர் பக்கம் வழியும் தவறிவிட்டது. அடுத்த மாதம் சனி, ஞாயிறில் 14 வண்டிகள் ஏலகிரி போகிறோம். இந்த முறை திட்டம் போடும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் பிரியாமல் போய் வர என்ன செய்யலாம்? மனைவியும் பின்னால் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறாள்.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன ரைடில் நடந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. புதியவரைக் கடைசியில் விட்டது ரைடு நடத்தியவர்களின் தவறு. நான் பல வருடங்களாகக் குழு ரைடுகளை நடத்தி வருகிறேன். ஆரம்பத்தில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை டோல் தாண்டி எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கடைசியாக வந்த பையன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தான். கை நடுக்கத்தில் தாடைக்குக் கீழே இருந்த கொக்கியை அவனால் எடுக்க முடியவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன். எங்களைப் பிடிக்க எவ்வளவு வேகத்தில் வந்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ரைடு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

கடைசி வண்டி ஏன் எப்போதும் பறக்க வேண்டியிருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. 14 வண்டிகள் இடது, வலது என்று மாறி மாறி, ஒரு நொடி இடைவெளியில் போனாலே முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 290 மீட்டர் இருக்கும். ஒரே வரிசையில் இரண்டு நொடி இடைவெளி விட்டால் அது இரண்டு மடங்கு. ஒரு சிக்னலில் இந்தக் கூட்டம் மொத்தமாகத் தாண்டவே தாண்டாது.

சரி, நீங்கள் சிக்னலில் ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டீர்கள். அதற்குள் முன்னால் போனவர்கள் 80-ல் 2 கிலோமீட்டர் போயிருப்பார்கள். நீங்கள் 100-ல் துரத்தினால் பிடிக்க 6 நிமிடம் ஆகும். முன்னால் போகிறவர் வேகத்தை 60 ஆகக் குறைத்து, நீங்கள் 80-லேயே போனாலும் அதே 6 நிமிடம்தான். அப்படியிருக்க யார் ஆபத்தை ஏற்க வேண்டும்? துரத்தும் வேலையைக் கடைசி ஆள் தலையில் கட்டாமல், காத்திருக்கும் வேலையை முன்னால் போகிறவருக்குக் கொடுங்கள். உங்கள் திட்டம் முழுவதும் இதன் மேல்தான் நிற்க வேண்டும்.

இதை நடைமுறையில் கொண்டுவர ஒரே ஒரு விதி போதும். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்துப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அந்த வண்டி தெரியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் குறைத்தால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் தன் கண்ணாடியில் உங்களைக் காணாமல் அவரும் குறைப்பார். இப்படியே ஒவ்வொருவராகப் போய் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முதல் வண்டியான லீட் வரைக்கும் சேதி எட்டிவிடும். போன் வேண்டாம், ஹார்ன் வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காலையில் நீங்கள் மேற்கே போகிறீர்கள், சூரியன் பின்னால் எழும். ஆறரை மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கண்ணாடியில் வெளிச்சம் அடித்து ஒன்றுமே தெரியாது. பின்னால் வருகிறவர்கள் பகலிலும் ஹெட்லைட்டோடு வந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அந்த நேரத்தை முதல் டீ நிறுத்தத்துக்கு ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது வழி. திரும்பும் இடங்களில் லீட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வருபவர் ஓரமாக, பின்னால் வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கை காட்டிக்கொண்டே நிற்பார். கடைசி வண்டியான ஸ்வீப் வந்த பிறகு, அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இந்த முறையில் யாருக்கும் முன்னால் போகிற வண்டி தெரியவேண்டிய அவசியமே இல்லை. நேராகப் போய்க்கொண்டிருங்கள், திருப்பத்தில் ஆள் நிற்பார். வேலூர் சுற்றிலும், வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையை விட்டு ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரி கூட்டுச்சாலைக்குப் போகும் இடத்திலும் இது கட்டாயம் வேண்டும்.

14 வண்டிகளை ஒரே கூட்டமாக ஓட்டாதீர்கள். ஐந்து, ஐந்து, நான்கு என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லீட், ஒரு ஸ்வீப். கூட்டத்துக்குக் கூட்டம் ஐந்து நிமிட இடைவெளி. லீட்டுக்கு அடுத்த இடம் புதியவருக்கும் சின்ன வண்டிக்கும்தான். அவர்கள் பின்னால் போய்விடாமல் இருக்க, திருப்பத்தில் நிற்கும் வேலையை அவர்களுக்கு அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளட்டும். வேகத்தை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஸ்வீப், குழுவிலேயே அனுபவம் அதிகமுள்ளவர். பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். குழுவில் கிளாசிக் 350 மாதிரி ஸ்போக் சக்கர வண்டி இருந்தால் உள்ளே டியூப் இருக்கும். டியூப்லெஸ் டயருக்குச் செருகும் ரப்பர் குச்சி அதற்கு உதவாது. மாற்று டியூபும் டயர் கழற்றும் லிவரும் கொண்டுபோக வேண்டும்.

எங்கே நிற்பது? பெட்ரோலை வைத்து முடிவு செய்யாதீர்கள். 13 லிட்டர் டேங்க் நிரப்பினால் சென்னையிலிருந்து ஏலகிரி வரை, சுமார் 230 கிலோமீட்டர், தாராளமாகப் போகும். முதலில் களைப்பது ஆள்தான். 70, 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிக் காலை நீட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலை டோலில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்துக் குறுகலான பாதையில் ஒவ்வொருவராகத்தான் போக முடியும். அங்கே மணலும் எண்ணெயும் தேங்கியிருக்கும், பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். டோல் தாண்டியதும் லீட் உடனே முறுக்கக் கூடாது. ஸ்வீப் வெளியே வரும் வரை 40-ல் உருட்டிக்கொண்டே போகட்டும். உங்களைப் போன முறை மாட்டவைத்தது இந்த இடம்தான்.

லாரியைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் தனக்குத் தானே பார்த்துத் தாண்ட வேண்டும். முன்னால் போனவர் "வா வா" என்று கை காட்டுவது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அந்தப் பழக்கத்தைக் கிளப்பில் நிறுத்திவிடுங்கள். அவருக்கு இருந்த வழி, நீங்கள் வரும்போது இருக்காது. தாண்டியவரும் லாரி மூக்குக்கு முன்னால் உடனே சேராமல், பின்னால் வருபவர் நுழைய இடம் விட்டுச் சற்று முன்னேறிப் போக வேண்டும். அப்புறம், நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு ஊர்வலம் போல ஓட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். யார் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே மாறி மாறிப் போவதை நிறுத்திவிட்டு ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள். முன் வண்டி வளைவை விட்டு வெளியேறிய பிறகுதான் அடுத்த வண்டி உள்ளே நுழையலாம். காரணம் சொல்கிறேன். ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்மூலைதான் மிகச் செங்குத்து, தரையும் அந்தப் பக்கமே சரிந்திருக்கும். அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் இடது காலை ஊன்றுவார்கள். கால் தேடும் இடத்தில் தரை இருக்காது, ஒரு சாண் கீழே இருக்கும். வண்டி அப்படியே சாயும். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவரும் அதே சரிவில் நிறுத்த வேண்டிவந்து, அவரும் விழுவார். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு, பளு இருந்தால் முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உள்மூலையை ஒட்டாமல், உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக ஏறுங்கள். கண் வளைவின் முடிவில் இருக்கட்டும். பேருந்து திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கு வேண்டும், நின்று வழிவிடுங்கள். இறங்கும்போது நியூட்ரல் கூடாது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். பாதை குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை.

மனைவி விஷயம். மலைப்பாதையில் அவரை இதற்கு முன் ஏற்றிச் சென்றதில்லை என்றால், ரைடுக்கு முன்பு ஒரு ஞாயிறு நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள். வளைவில் வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் நிமிராமல் உங்களோடு சேர்ந்து சாய அவருக்கு அப்போதுதான் பழகும். பின் டயர் காற்றை இருவருக்கான அளவுக்கு ஏற்றுங்கள், அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட். அவர் வருகிறார் என்றால் அன்று நீங்கள் லீட் எடுக்காதீர்கள். திட்டம் உங்களுடையது, லீட் அனுபவமுள்ள இன்னொருவர். உங்கள் இடம் இரண்டாவது. ஆனால் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு திருப்பத்தில் நிற்கும் வேலை வேண்டாம், அதை மூன்றாவது வண்டிக்குக் கொடுங்கள்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசுங்கள். கண்ணாடி விதி, திருப்பத்தில் நிற்பது, எங்கெங்கே நிறுத்தம், இவ்வளவுதான். ஒவ்வொருவரின் ரத்த வகையும் வீட்டு எண்ணும் ஸ்வீப்களிடம் தாளில் இருக்க வேண்டும். போன் உடைந்தாலும் தாள் இருக்கும். விபத்து என்றால் 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் என்று 2021-ல் தொடங்கியது. இதைக் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், பணம் புரட்டுவதில் நேரம் போகக் கூடாது.

ஞாயிறு மதியம் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் யாரும் விடமாட்டார்கள், தெரியும். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். வெயிலும் பிரியாணியும் சேர்ந்தால் கண் சொக்கும். இரண்டு மணிக்குள் ஆம்பூரை விட்டால் இருட்டுவதற்குள் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடலாம். அங்கேயே ரைடை முடித்து எல்லாரையும் அனுப்பிவிடுங்கள். அதற்கப்புறம் வரும் நெரிசலில் கூட்டமாக ஓட்ட முடியாது. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் குழுவில் ஒரு வரி போடட்டும். 14 பேரின் பெயரையும் டிக் அடிக்கும் வரை ஸ்வீப்கள் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும்.