முகாமும் ஸ்கார்பரோவும்

வணக்கம் ஐயா,

ஈரோட்டில் விசைத்தறித் துணி வியாபாரம் செய்கிறேன். மூன்று வருடமாக உங்களை வாசித்துவருகிறேன். போன கோடையில் டொராண்டோவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இலங்கைத் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் பார்த்து அசந்துபோனேன். நகைக்கடை, மளிகைக்கடை, வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர், வீடு விற்கும் தரகர் என்று எங்கே பார்த்தாலும் தமிழ் போர்டு. 80களில் மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்து இறங்கியவர்களாம். ஒருவர் மத்திய மந்திரியாகவே ஆகிவிட்டார்.

எங்கள் பக்கம் பவானிசாகரில் ஓர் இலங்கை அகதி முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் அதே சண்டைக்குத் தப்பி வந்தவர்கள்தான். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் பெயின்ட் அடிக்கவும் சித்தாள் வேலைக்கும்தான் போகிறார்கள். ஒரே சனம், ஒரே மொழி, ஏன் இந்த வித்தியாசம்? மாதாமாதம் பணமும் ரேஷனும் கொடுத்து நம் அரசாங்கமே அவர்களை உழைக்க விடாமல் கெடுத்துவிட்டதோ? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

இன்னொன்று. முகாம் பிள்ளை ஒருவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்று நினைக்கிறேன். அதில் பிரயோஜனம் உண்டா? இங்கே எங்கள் கம்பெனியில் கணக்கு எழுத நாலு மாதமாக ஆள் கிடைக்கவில்லை. படித்தவர்கள் எல்லாம் கோவை, பெங்களூர் என்று போய்விடுகிறார்கள்.

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் வாய்விட்டுக் கேட்டுவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே நினைத்தவன்தான். அதை மாற்றியது ஒரு பழைய செய்தி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. கடலில் ஒரே பனிமூட்டம். கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன், இரண்டு உயிர்காப்புப் படகுகள் அலையில் மிதப்பதைப் பார்க்கிறார். கிட்டே போனால் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு 155 பேர், எல்லாரும் தமிழர்கள். மூன்று நாளாக மிதந்திருக்கிறார்கள். டால்டன் அவர்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். மற்றப் படகுகளும் உதவிக்கு வந்தன. கரைக்கு வந்தவர்களை மான்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

நாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அது பொய் என்பது சில நாளில் வெளியே வந்துவிட்டது. வந்தது மேற்கு ஜெர்மனியிலிருந்து. கப்பல்காரனுக்கு ஆயிரக்கணக்கில் ஜெர்மன் மார்க் கட்டி, ஒரு சரக்குக் கப்பலின் அடித்தட்டில் ஒளிந்து வந்திருக்கிறார்கள். அவன் கரைக்கு வெகுதூரத்திலேயே படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கனடாப் பத்திரிகைகளுக்குக் கோபக் கடிதங்கள் குவிந்தன. பொய் சொன்னவர்கள், வரிசையை மீறி வந்தவர்கள், திருப்பி அனுப்பு என்று. அரசாங்கம் அனுப்பவில்லை. ஒரு வருடம் தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதிச் சீட்டு கொடுத்தது.

நான் நிறுத்தி யோசித்தது இந்த இடத்தில்தான். ஜெர்மனியில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? அங்கே அப்போது தஞ்சம் கேட்டவர்கள் வேலை பார்க்கக்கூடாது. ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகவும் கூடாது. விடுதியில் உட்கார்ந்து, கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, கேஸ் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த விடுதியை 1986 ஜூனில் யாராவது ஒரு ஜெர்மன்காரர் எட்டிப்பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? நீங்கள் பவானிசாகரைப் பார்த்து நினைத்ததைத்தான். சும்மா உட்கார்ந்து நம் காசில் சாப்பிடுகிறார்கள் என்று. அதே 155 பேர்தான் ஆகஸ்டில் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். சில வாரங்களில் உணவகங்களில் கோப்பை கழுவப் போனவர்கள் அவர்களில் உண்டு. (யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சாப்பிடுகிற தட்டு. முதல் தடவை கேட்டபோது, கனடாவில் அவ்வளவு பேர் டீ குடிக்கிறார்களா என்று நினைத்தேன்.) ஒரு கடலைத் தாண்டியதில் சோம்பேறி உழைப்பாளியாகிவிடுவானா என்ன?

அப்புறம் அந்த உதவிப்பணம். கனடாவும்தான் கொடுத்தது. டொராண்டோவில் வந்து இறங்கியவர்களில் நிறையப் பேர் முதல் மாதங்களை வெல்ஃபேர் காசில்தான் ஓட்டினார்கள். அதை யாரும் மறைப்பதும் இல்லை. இங்கே 2021இல் உயர்த்திய பிறகு, குடும்பத் தலைவருக்கு மாதம் 1500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1000, குழந்தைகளுக்கு 500. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 3500. ஒரு பெயின்டரின் நாலு நாள் கூலி. நாலு நாள் கூலி ஒருவரைச் சோம்பேறியாக்கிவிடும் என்றால் எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் யாரும் வாக்கிங் போகக்கூடாது.

பெயின்டர் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர். மன்னார்ப் பக்கம். 1990இல் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு படகில் வந்தவர். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, அவர் கையால் தடவிப் பார்க்கிற விதமே தனி. கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவார். "கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும் சார்" என்பார். வேலை நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானமே கை கழுவிவிட்டார். ஏன் என்றால், "இன்னைக்கு முகாமுல செக்கிங். ஆள் நேர்ல நிக்கணும், இல்லைன்னா பதிவை வெட்டிருவாங்க." அன்றைக்கு அரை நாள் கூலிதான் கணக்கு. நாற்பத்தைந்து வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆஜர் சொல்ல ஓடுகிறார். ஓடிய ஸ்கூட்டரும் அவர் பெயரில் இல்லை, மேஸ்திரி பெயரில் இருக்கிறது. காசு மட்டும் அவர் கொடுத்தது.

அவருடைய சித்தி மகன் ஸ்கார்பரோவில் இருக்கிறார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே சைக்கிளில் போனவர்கள். அந்தச் சித்தி தோட்டக் காணியை விற்று, தாலிக்கொடியையும் அடகு வைத்து, ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துப் பையனைக் கொழும்பு வழியாக அனுப்பினாள். போனவர் பகலில் பாண் (ரொட்டி) தொழிற்சாலை, விடியற்காலை மூன்று மணிக்கு வீடு வீடாகப் பேப்பர் போடுவது, ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர் என்று ஏழெட்டு வருடம் ஓட்டியிருக்கிறார். இப்போது சொந்தமாக இரண்டு லாரி. இரண்டும் அவர் பெயரில்.

இதில் உங்கள் 'ஒரே சனம்' என்ற பேச்சைக் கொஞ்சம் திருத்த வேண்டும். விற்பதற்குக் காணி இருந்த வீடுதான் கனடாவுக்கு ஆள் அனுப்பியது. காணியும் நகையும் இல்லாத மீனவர்கள், வன்னியில் கூலி வேலை பார்த்தவர்கள், கலவரங்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறி அங்கிருந்தும் விரட்டப்பட்டவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் தலைமன்னாரில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஆக, புறப்படும்போதே ஏற்றத்தாழ்வு இருந்தது. அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பெயின்டருக்கும் லாரிக்காரருக்கும் இடையே தொடக்கத்தில் இருந்தது ஒரு காணியும் ஒரு தாலிக்கொடியும் மட்டும்தான். மீதி இடைவெளி எல்லாம் அப்புறம் விழுந்தது.

எப்படி விழுந்தது என்பதைச் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. கனடா மண்ணில் நின்று தஞ்சம் கேட்கிற எவரும், குடிமகன் இல்லாவிட்டாலும், தன் கதையை அதிகாரி முன் நேரில் சொல்ல உரிமை உள்ளவர் என்றது. தீர்ப்பை வாங்கித் தந்தவர்கள் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் உள்ளிட்ட ஏழு பேர். பலன் அடைந்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். கதையைச் சொல்லி ஏற்றுக்கொள்ளப்பட்டால் நிரந்தர வதிவிடம், அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. வதிவிடச் சீட்டு கையில் இருந்தால் பாங்க் கடன், வீடு, கடை லைசென்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக நடக்கும். அதன்பின் சில வருடத்தில் குடியுரிமை, ஓட்டு. அங்கே பிறந்த பிள்ளை பிறந்த அன்றைக்கே கனடாக்காரன். நீங்கள் சொன்ன மந்திரி கேரி ஆனந்தசங்கரி 1983இல் சின்னப் பையனாகப் போனவர். 2015இல் எம்.பி., 2023இல் மந்திரி.

இங்கே? அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தத்தின்படி, முறையான பத்திரம் இல்லாமல் உள்ளே வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவரிடம் என்ன பத்திரம் இருக்கும்? 2019 திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயரைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2025இல் வந்த ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதிலிருந்து விலக்கியது. நல்லதுதான். ஆனால் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்பது குடியுரிமை ஆகிவிடாது.

நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இன்னும் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசு பெயர்ப்பலகையில் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டித் தருகிறது. பழைய பத்துக்குப் பத்து அறைகளில் போய் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் வீடுகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் முகாமில் பிறந்தவருக்குப் பிறந்த குழந்தையும் இன்றைக்கு இலங்கை அகதிதான். ஒரு சின்ன வாசல் மட்டும் உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதைப் பிடித்துக்கொண்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், 2022இல் பாஸ்போர்ட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். 2024 தேர்தலில் திருச்சியில் முதல் ஓட்டுப் போட்டார், 38 வயதில். அவர் தம்பியோ தங்கையோ 1988இல் பிறந்திருந்தால் அந்த வாசலும் அடைத்துவிடும்.

கனடாவைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பசிபிக் கரையில் போய் இறங்கியபோது, குழந்தைகளோடு சேர்த்துக் காவலில் வைத்தது அதே கனடாதான். மாதக்கணக்கில் வெளியே வராதவர்கள் உண்டு. நீங்கள் பார்த்த போர்டுகளுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, அங்கே இரவுக் காவலாளியாகவே ரிடையர் ஆனவர்கள், இரண்டு வேலை பார்த்துப் பிள்ளையின் முகத்தையே ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தவர்கள். மகள் வீட்டுக்குப் போகிறவர் கண்ணில் அவர்கள் படமாட்டார்கள், அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கட்டணம் கட்டுவதில் பிரயோஜனம் உண்டா என்றால், படிப்பில் முகாம் பிள்ளைகளைக் குறை சொல்லவே முடியாது. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உட்படப் பலர் பல வருடமாக இதற்கு உழைத்திருக்கிறார்கள். பட்டதாரிகள் நிறைய இருக்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகுதான் முட்டுகிறது. அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. பெரிய கம்பெனிகளில் இன்டர்வியூவில் தேறி, கடைசியில் பாஸ்போர்ட் கொண்டுவா என்றதும் வீடு திரும்பியவர்களை எனக்கே தெரியும். பி.இ. முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்து பட்டி பார்க்கப் போகிற பையன்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அதனால் கட்டணத்தைவிட உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த நாலு மாதமாகக் காலியாக இருக்கும் நாற்காலி.

நம் பெயின்டருக்கு ஒரு மகள். பி.காம்., முதல் வகுப்பு. டாலி தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியும். இப்போது முகாமுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அவளுடைய விவரங்களைத் தனி மெயிலில் அனுப்புகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். இன்டர்வியூவில் நன்றாகச் செய்தால் வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஒன்று மட்டும். முகாமை விட்டு ஈரோட்டில் வந்து தங்க அவள் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மனு, விசாரணை, கையெழுத்து என்று கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை இடத்தை நிரப்பிவிடாதீர்கள்.