ஸ்டீல் பாட்டில் முதல் தாம்பூலப் பை வரை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திவிட்டு ஸ்டீல் பாட்டில் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கடையில் 250 ரூபாய், இன்னொன்றில் 900 சொல்கிறார்கள். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டல பாருங்க, அசல் 304" என்கிறார். நம்பலாமா?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: காந்தத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 304 என்பது எவர்சில்வரில் ஒரு ரகம்; அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்த 201, 202 வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் இவற்றிலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, அசல் 304 தகட்டையே அழுத்தி வளைத்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டும்! அதனால் அந்தச் சோதனையில் நல்லதும் தோற்கும், மட்டமானதும் ஜெயிக்கும்.

பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அதன் மேலே தர எண்: சாதாரண ஸ்டீல் தண்ணீர் பாட்டில் என்றால் ஐ.எஸ். 17803, சூடு தாங்கும் வேக்குவம் பாட்டில் என்றால் ஐ.எஸ். 17526. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

250க்கும் 900க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒற்றைச் சுவரா, நடுவில் வெற்றிடம் வைத்த இரட்டைச் சுவரா (அதுதான் வேக்குவம்) என்பதுதான். பிள்ளைகள் பச்சைத் தண்ணீர்தானே கொண்டுபோகிறார்கள்? ஒற்றைச் சுவரே போதும். கனம் குறைவு, கீழே விழுந்தால் நெளியும், அவ்வளவுதான். வேக்குவம் பாட்டில் பலமாக விழுந்து உள்ளே வெற்றிடம் போய்விட்டால், அது வெறும் கனமான பாட்டில். கை நுழையும் அளவுக்கு வாய் அகலமாக, திருகு மூடியோடு எடுங்கள். உறிஞ்சு குழாய் வைத்த மூடி அழகாகத்தான் இருக்கும். அந்தக் குழாயின் வளைவில் சேரும் வழவழப்பை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் மறுபடி வாங்க மாட்டார்கள். வாஷரும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் நன்றாக இருக்கும்போதே மூடி உடைந்ததால் பழைய இரும்புக் கடைக்குப் போகிறவைதான் ஏராளம்.

இன்னொன்று, பாத்திரக்கடையிலேயே பேர் வெட்டி வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் தொலைத்துத் தொலைத்து மாதம் ஒன்று வாங்கினால் ஸ்டீலுக்கு மாறியும் பலனில்லை. முதலில் பரணில் ஏறிப் பாருங்கள், கல்யாணச் சீரில் வந்தது ஏதாவது அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடக்கும்.

கேள்வி: செம்பு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோகலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: கூடாது. மோர், புளித்தண்ணீர், ரசம் எதுவும் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். குமட்டல், வாந்தி வரும். தண்ணீர் மட்டும். உள்ளே பச்சைக் களிம்பு கண்டால் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: பேப்பர் கப் வேண்டாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்து, எல்லோருக்கும் 'மூங்கில் நார் கப்' வாங்கித் தரப் போகிறார்கள். இயற்கைப் பொருள், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். சரிதானா?
– தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்

பதில்: பேப்பர் கப்பை விட்டது நல்லது. அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. சூடான நீர் 15 நிமிடம் அதில் இருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்குவதாக கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. டீக்கடைகளைப் பார்த்தால் அப்படித் தெரியாது, அது வேறு கதை.

ஆனால் மூங்கில் கப்பில் ஏமாறாதீர்கள். வழவழவென்று அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அது மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்துச் செய்தது, அதாவது பிளாஸ்டிக். சூடான டீ ஊற்றினால் மெலமைன், ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனங்கள் கசியக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் இந்த வகைப் பாத்திரங்களைச் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது.

ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரோ பீங்கான் கப்போ வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு ரூபாய் செலவில்லை. யார் கழுவுவது என்பதை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள். நாற்பது டம்ளரையும் துப்புரவு செய்யும் அக்கா தலையில் கட்டினால், அடுத்த வாரமே பேப்பர் கப் திரும்பி வரும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: 1,100 ரூபாய்க்கு வாங்கிய ஃபிளாஸ்கில் பத்தாம் நாளே சூடு நிற்கவில்லை. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது என்று சொல்லிக் கடையில் மறுக்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: கொதிக்கும் தண்ணீரை நிரப்பி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உடம்புப் பகுதி சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. உடம்பு குளிர்ச்சியாக இருந்து சூடு மட்டும் இறங்கினால் மூடியையும் வாஷரையும் பாருங்கள். சுடுவதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் அச்சடித்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)ன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள். (நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பினால் இந்தப் பிரிவு உதவாது.) முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஒரு ஃபிளாஸ்குக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, பிரிவு எண்ணைச் சொன்னாலே பல கடைகளில் பேச்சு மாறும்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 500 அடிக்க வேண்டும். துணி மாதிரியே இருக்கும் பை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அது நெய்யாத பை, பாலிப்ரோப்பிலீன். நீங்கள் தவிர்க்க நினைக்கும் அதே பிளாஸ்டிக். மேலே சொன்ன, தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடும் பாவுமாக நூல் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கொளுத்தினால் உருகிச் சுருளும். பருத்தி என்றால் சாம்பலாகும்.

அசல் துணிப்பை எடுத்தாலும், பயன்பட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், பருத்திப் பை 131 முறையாவது கடைக்குப் போய்வந்தால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் முந்தும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பெரும்பாலான தாம்பூலப் பைகள் தேங்காயை எடுத்ததும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. காரணம் எளிது: தேங்காய்க்கு மேல் எதுவும் கொள்ளாத அளவு, இத்துப்போகும் காது, முன்பக்கம் முழுக்க மணமக்கள் படம். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளை படத்தோடு யார் மார்க்கெட்டுக்குப் போவார்கள்? மூன்று கிலோ காய்கறி தாங்குகிற தடித்த துணி, இரட்டைத் தையல் போட்ட நீளக் காது, பெயர் மட்டும் ஓரத்தில் சின்னதாக. குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 300 போதுமே! மிச்சமாகும் பணத்தை நல்ல துணியில் போடுங்கள்.