கருவி முதலா, உரிமம் முதலா?

கேள்வி: ஐயா, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறேன். ஹாம் வானொலி, அதாவது பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலியில் பிறருடன் பேசும் கலை, பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இணையக் கடையொன்றில் பேசவும் கேட்கவும் உதவும் 5 வாட் வானொலிக் கைக்கருவி ஒன்று 95 வெள்ளிக்கு (ரிங்கிட்)க் கிடைக்கிறது. 'லைசென்ஸ் தேவையில்லை' என்றும் எழுதியிருக்கிறார்கள். நான்கைந்து வாங்கிவிட்டால், தைப்பூசத்தில் எங்கள் தண்ணீர்ப்பந்தல் தொண்டர்களுக்கும் உதவும் அல்லவா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இத்தகைய கருவிகளின் பெட்டியில் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கும். ஹாம் அன்பர்களுக்குரிய 144 முதல் 148 வரையிலான பகுதி அதற்குள் அடங்குவது உண்மைதான். ஆனால் கப்பல்கள் ஆபத்துக் காலத்தில் அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸும் அதற்குள்தான் இருக்கிறது. துறைமுகத் தீவில் வாழும் நாம், தொண்டர் ஒருவர் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'லைசென்ஸ் தேவையில்லை' என்ற சொல், 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் திறனுடன் இயங்கும் சாதாரண வாக்கி டாக்கிக்குப் பொருந்தும்; விற்பவர் அதை இதன்மேல் ஒட்டியிருக்கிறார். தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தலுக்கும் லாரிக்கும் இடையே பேச அந்த அரை வாட் போதும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஹாம் ஆசைக்கு வழி வேறு. ஆணையம் நடத்தும் தேர்வில் சட்டவிதிகளும் வானொலிக் கோட்பாடும் கேட்கப்படும். தேறியபின் இயக்குநர் சான்றிதழ் பெற்று, நிலையத்துக்கான அனுமதிக்கு விண்ணப்பித்து, தீபகற்ப மலேசியாவில் பி வகுப்பு உரிமம் பெற்றவர்களுக்குரிய 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி (வானொலியில் உங்களை அடையாளம் காட்டும் குறி) கைக்கு வந்த பிறகே வானொலியில் பேசலாம். அப்போதும் அந்த உரிமம் உங்களுக்குரியது. அதைக் காட்டித் தொண்டர்களுக்குக் கருவி கொடுக்கவோ வியாபாரம் பேசவோ இயலாது.

படிக்கும் காலத்தில், எஸ்எஸ்பி (ஹாம் அன்பர்கள் சிற்றலையில் பேசும் முறை) வசதியுள்ள சிற்றலை ரிசீவர் ஒன்றை வாங்கி, இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டுப் பழகலாம். எல்இடி விளக்குகளையும் கைப்பேசி சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். அடுக்குமாடி வீடுகளில் இரைச்சலுக்கு அவையும் ஒரு முக்கியக் காரணம்.

உரிமம் வந்ததும் விலையுயர்ந்த கருவியைத் தேடுவதைவிட நல்ல ஆண்டெனாவுக்குச் செலவிடுங்கள். கைக்கருவியின் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், குன்றுகளுக்கு அப்பாலுள்ள பாலேக் புலாவை உங்கள் வரவேற்பறையிலிருந்து 5 வாட்டில் எட்டுவது கடினம். பால்கனிக்கு வெளியே ஆண்டெனா நிறுத்த அடுக்குமாடி நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.